திறந்தவரே மூட வேண்டும்

மனைவியின் தம்பிக்கு அந்தச் செய்தி முடி வெட்டுகிற கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற பிரிவாம். அவருக்கும் வேறு யாரோ சொன்னதாம். படையில் விமானப் பழுது பார்த்துவிட்டுச் சிவில் கம்பெனிக்கு வந்த ஒருவர், ஐந்தாவது மாதம் ஒருநாள் வேலைக்கு நடுவில் எழுந்து வெளியே போனாராம். திரும்பி வரவே இல்லையாம். லாக்கருக்குள் சாப்பாட்டு டப்பா கிடந்து நாறிய பிறகுதான் பூட்டை உடைத்தார்களாம்.

“ஏன் போனாராம்?” என்று கேட்டார் அக்காவின் வீட்டுக்காரர்.

“அத மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களாம் அத்தான். படையிலேர்ந்து வர்றவங்களுக்கு அங்க ஒத்து வராதாம். அவ்வளவுதான் சொன்னாரு.”

“அவர் சொன்னாராம், இவர் சொன்னாராம். உன் காதுக்கு மேல என்ன பள்ளம்?”

“அவர் சொன்னதக் கேக்கத் தலையத் திருப்பிட்டேன்.”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். ஒன்பது நாள் கழித்து அதே கம்பெனியில், அதே வேலையில் சேர வேண்டியவர் அவர்தான்.

இருபது வயதில் படையில் சேர்ந்து நாற்பத்தொன்றில் வெளியே வந்தவர். இருபத்தொரு வருடமும் விமானத்தின் வயிற்றுக்குள்தான். சக்கரத்தை மடக்கும், பிரேக் பிடிக்கும், வாலைத் திருப்பும் எண்ணெய்க் குழாய்கள் அவர் பொறுப்பு. அவருடைய பிரிவில் எட்டு விமானங்கள். எப்போதும் அதே எட்டு. எது எங்கே கசியும், எதற்கு மழைக்காலத்தில் மூட்டு வலிக்கும் என்று மாமியார் உடம்பைப் போலத் தெரியும்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. விமானத்தின் உடம்பில் ஒரு பேனலை, ஸ்க்ரூ போட்ட மூடித் தகட்டை, திறந்தவர்தான் அதை மூட வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் விமானம் காத்திருக்கும். அவர் ஊருக்குப் போயிருந்தால் ஆள் அனுப்பிக் கூட்டி வருவார்கள். பேனல் பாதி மூடியிருந்தாலும் முக்கால் மூடியிருந்தாலும் இன்னொருவர் கை அதன்மேல் படாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். அவர் சேர்வதற்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்றுக்குப் பிறகு வந்தது என்பார்கள். அந்த ஏதோ ஒன்றைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வழக்கம் வீடுவரை வந்துவிட்டது. பீரோவைத் திறந்தவர் மூட வேண்டும். ஊறுகாய் பாட்டிலைத் திறந்தவர் மூட வேண்டும். மகள் குளிர்பெட்டிக் கதவை ஆவென்று திறந்து வைத்துவிட்டுப் போனால், பக்கத்திலேயே நின்றுகொண்டு அவளைக் கூப்பிடுவார்.

“அப்பா, கைக்கெட்டற தூரத்துல நிக்கறீங்க. நீங்களே மூடினா என்ன கொறஞ்சா போவீங்க?”

“தொறந்தது யாரு?”

“நாந்தான். என்னச் சுட்டுடுங்க.”

படையை விட்டதற்குக் காரணமும் அந்த மகள்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். பதினைந்து வயதுக்குள் ஐந்து பள்ளிக்கூடம். “எங்க போனாலும் நான் புதுசா வந்த பொண்ணு. பழசாகறதுக்குள்ள பெட்டி கட்டிடறீங்க” என்று ஒருநாள் சொன்னாள். அழவில்லை; பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அடுத்த ஊரில் நின்றுவிடுவோம் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

சிவில் உரிமத்துக்கு ஒரு கட்டுத் தாள் தேர்வு எழுத வேண்டியிருந்தது. எல்லாம் இன்னொரு மொழியில். அவருக்கு அந்த மொழி தெரியும்தான். திட்டுவது ஒரு மொழியில், கையெழுத்துப் போடுவது இன்னொரு மொழியில் என்று பழகிய ஆள். இயந்திரம், மின்சாரம், உலோகம் எல்லாவற்றிலும் முதல் தடவையிலேயே தேறினார். வேலையிடத்தில் மனிதர்கள் செய்யும் தவறுகள் என்று ஒரு தாள். அதில் மட்டும் இரண்டு தடவை தோற்றார். மனைவி ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசியைப் போலவே அவள் கேலியும் வலிக்காமல் இறங்கும். “டர்பைன் புரியுது, மனுஷங்க புரியல. கல்யாணத்தப்பவே எனக்குத் தெரியும்” என்றாள்.

மூன்றாம் தடவை தேறினார். கம்பெனி ஆறு மாத ஒப்பந்தம் கொடுத்தது. ஆறு மாத முடிவில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். திருப்தி என்றால் அவர் பெயருக்கு ஒரு முத்திரை, அதில் ஒரு எண். பிறகு அவர் வேலையை அவரே சரி என்று சொல்லலாம், வேலையும் நிரந்தரம். திருப்தி இல்லையென்றால் ஒப்பந்தம் அங்கேயே முடியும், கம்பெனி கொடுத்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். கம்பெனிக்கு எதிர்ப்பக்கம், ஓடுபாதைக்கு இரண்டு தெரு தள்ளி மாடிப் போர்ஷன். ஜன்னல் கண்ணாடி நாளெல்லாம் நடுங்கும். மகளுக்கு அது பிடித்திருந்தது. புதுப் பள்ளியில் அவளுக்கு ஒரு தோழிகூடக் கிடைத்திருந்தாள்.

முதல் நாள், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹாங்கருக்குள் அதன் மேலாளர் வந்தபோது அவர் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. பாதியில் சுதாரித்துத் தலையைச் சொறிந்துகொண்டார். யாரும் ஏமாறவில்லை. அன்று மதியத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள்: சல்யூட்.

இங்கே எண்ணெய்கூட வேறு நிறம். படையில் சிவப்பு, இங்கே ஊதா, தோலில் பட்டால் எரியும். விமானங்கள் தெரியாத ஊர்களிலிருந்து வந்து தெரியாத ஊர்களுக்குப் போயின. இருக்கைகளைத் தூக்கினால் பிஸ்கட் தூள், ஒற்றைத் தோடு, குழந்தையின் காலுறை. முதல்முறை அந்தக் காலுறையைக் கையில் எடுத்தபோது சல்யூட் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தார். படை விமானத்தில் இரண்டு பேர் உட்கார்வார்கள், இரண்டு பேரையும் பெயர் சொல்லித் தெரியும். இங்கே நூற்று அறுபது இருக்கை.

பாதி வேலையில் எழுந்து போன அந்த டப்பாக்காரரைப் பற்றி மெதுவாக விசாரித்தார். அவருக்கு வெளியூரில் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது என்றார் ஸ்டோர்க்காரர். தரை துடைக்கும் அம்மா, அந்த மனிதர் கடைசி நாளில் ஏணிப்படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். அப்படி ஒருத்தர் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்றார் மூன்றாமவர். அதற்குமேல் சல்யூட் கேட்கவில்லை.

ஹாங்கரில் இரண்டு பேரை அவருக்குப் பிடித்தது. ஒருவர் பேனா. விமானம் பறக்கலாம் என்று கடைசிக் கையெழுத்துப் போடும் மூத்த எஞ்சினியர். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கும் கறுப்பு. மற்றவர் மாலை ஷிப்ட்டை நடத்தும் அக்கா. வாய் திறந்தால் “சீக்கிரம்” என்பதால் சீக்கிரம் அக்கா. கண்டிப்புதான், ஆனால் யார் வேலை மிச்சமிருந்தாலும் தன் ஆட்களை விட்டு முடித்துக் கொடுத்துவிடுவார். “இங்க எல்லாப் பேனலும் எல்லாருக்கும் சொந்தம்” என்று ஒருமுறை சொன்னார். சல்யூட் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். அது அந்த இடத்தின் வேலைமுறை என்று அவருக்கு உறைக்கவில்லை.

பேனா அவரிடம் ஒரே ஒரு குறை கண்டார். “சல்யூட், உங்க கை வேகம். எழுத்துதான் பின்னாலயே நொண்டிக்கிட்டு வருது. இங்க ஸ்பானரத் தொடறதுக்கு முன்னாடி எழுதணும். எழுதாத வேல யாருக்கும் தெரியாது.”

“எழுதறேன் சார்.”

“சார் வேணாம். அண்ணேன்னே கூப்பிடுங்க. சார்னா உங்க கை மறுபடி மேல போகுது.”

படையில் வேலை முடிந்த பிறகுதான் புத்தகத்தில் எழுதுவார்கள், மொத்தமாக. இருபத்தொரு வருடப் பழக்கம். தொட்டில் பழக்கம்கூட இவ்வளவு ஊறியிருக்காது.

வியாழக்கிழமை நேர்காணல் என்று கடிதம் வந்தது. இது நடந்தது அதற்கு முந்தைய செவ்வாய்.

காலை ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு. வால்பக்கம் அடிவயிற்றில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பேனல், இருபத்திரண்டு ஸ்க்ரூ. உள்ளே போகும் எண்ணெய்க் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது வேலை அட்டை. பார்த்தார். ஒரு துளி இல்லை. ‘பார்த்தாயிற்று’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

மூடப் போகும்போது டார்ச் வெளிச்சம் தற்செயலாக மேலே போனது. குழாயை இறுக்கிப் பிடித்து ஆடாமல் வைத்திருக்கும் ஒரு கிளாம்ப். அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அட்டையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கை பார்த்துக்கொண்டிருக்குமா? நட்டைத் தளர்த்தி, ரப்பருக்கு அடியில் குழாய் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் இல்லை. நல்ல நேரத்தில் கண்ணில் பட்டது என்று நினைத்தார்.

ஸ்டோரில் புது கிளாம்ப் இல்லை. “நாளைக்குக் காலைல வந்துடும் சல்யூட். அதுக்குள்ள விமானம் ஓடியா போயிடப்போகுது?” என்றார் ஸ்டோர்க்காரர். பலகையில் அந்த விமானத்துக்கு நேரே, கிளம்புவது புதன் மாலை என்று இருந்தது. மணி ஒன்று நாற்பது. நட்டு கீழே விழாமல் இருக்க விரலால் மட்டும் நான்கு சுற்றுத் திருகி வைத்தார். தூசி போகாமல் பேனலைப் பொருத்தி நான்கு மூலையிலும் நான்கு ஸ்க்ரூ போட்டார். மிச்சம் பதினெட்டையும் துணிப்பையில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டார். காலையில் புதுச் சாமான் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

வாசலில் சீக்கிரம் அக்கா எதிரே வந்தார்.

“என்ன சல்யூட், வியாழக்கெழம முத்திரை வந்ததும் எங்களயெல்லாம் மறந்துடுவீங்களா?”

“மொதல்ல குடுக்கட்டுங்க்கா.”

“குடுக்காம? பேனாவே நேத்து சொன்னாரே, கண்ணு நல்ல கண்ணுன்னு. போங்க, சீக்கிரம், பஸ் போயிடும்.”

பேனலைப் பற்றிச் சல்யூட் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? திறந்தது அவர். நாளை அவர் வந்து மூடுவார்.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்தார். எழுந்தபோது நான்கு முப்பத்தொன்று. மனைவி காலை வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போனில் ஒரு செய்தி காத்திருந்தது. சீக்கிரம் அக்கா தேநீர் இடைவேளையில், மூன்றரைக்கு அனுப்பியது.

‘உங்க விமானம் இன்னிக்கே போகுது சல்யூட். வேற ஒண்ணுல கண்ணாடி விரிசல், அதுக்குப் பதிலா இத அனுப்பறாங்க. அஞ்சு மணிக்குக் கெளம்புது, ஆள் நெறைய. நீங்க விட்டுட்டுப் போன பேனலயும் மூடிட்டோம். பதினெட்டு ஸ்க்ரூவும் என் கையால. வியாழக்கெழம டீ உங்க செலவு.’

படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

“என்னங்க?” என்றாள் மனைவி.

சொன்னார். வேலையின் பேச்சில் ஆரம்பித்து, பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒரு நட்டு. விரலால் மட்டும் திருகியது. உள்ளே இருக்கிறது. வெளியே இருபத்திரண்டு ஸ்க்ரூவும் அழகாக இருக்கின்றன.

அவள் கையிலிருந்த தலையணை உறையை மடித்து முடித்தாள்.

“முறுக்கலன்னு நிச்சயமாத் தெரியுமா? பழக்கத்துல முறுக்கியிருப்பீங்க.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் ஸ்பானர் இருந்ததா? நான்கு சுற்று, விரலால். ஐந்தாவது சுற்று நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகுமா? ஆகாது. நடந்தது என்றும் ஆகாது.

“அந்த அக்கா மூடறப்ப உள்ள பாத்திருப்பாங்கல்ல?”

“எதுக்குப் பாக்கணும்? பாத்தாச்சுன்னு அட்டைல என் கையெழுத்து இருக்கு.”

“கழண்டா என்ன ஆகும்?”

“இன்னிக்கு ஒண்ணும் ஆகாமப் போகலாம்.”

“அப்ப நாளைக்கு வந்ததும் நீங்களே போயி…”

“நாளைக்கு அது எந்த ஊர்ல இருக்கும்னு எனக்குத் தெரியாது. நட்டு கழண்டா குழாய் ஆடும். ஆடினா பக்கத்துக் குழாயோட உரசும்.” இரண்டு விரல்களைச் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். “ஒரு மணி நேரமும் உரசலாம், ஒரு மாசமும் உரசலாம். அப்புறம் எண்ணெய் போயிடும். எறங்கறப்ப பிரேக் பிடிக்கறது அந்த எண்ணெய்லதான்.”

நான்கு முப்பத்தாறு. எழுதாத வேலை. தன் வாயால் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாத வேலை. பேனா சொன்னது இதைத்தான். சொன்னால் வியாழக்கிழமை மூன்று பேர் முன்னால் உட்கார வேண்டியதில்லை. வேலை அட்டையில் எழுதாமல் ஸ்பானரைத் தொட்டவருக்கு முத்திரை கொடுக்கும் கம்பெனி எதுவும் இல்லை. அதோடு போகாது. அந்தப் பதினெட்டு ஸ்க்ரூ போட்ட கைக்கும், கடைசிக் கையெழுத்துக்கும் கேள்வி வரும். அந்த இரண்டு பேரும் அவருக்கு நல்லது மட்டுமே செய்தவர்கள்.

உள்ளறையில் மகள் எழுதும் சத்தம் நின்றிருந்தது. அவள் கதவருகே வந்து நின்றாள். எவ்வளவு கேட்டிருந்தாள் என்று தெரியவில்லை.

“அப்பா, நாம மறுபடி ஊரு மாறணுமா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்க ஆரம்பித்தது. ஏதோ ஒரு விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்கிறது. அதுதானா, வேறா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்த எட்டு விமானங்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்.

“அவளுக்கு அப்புறமா பதில் சொல்லிக்கலாம்” என்றாள் மனைவி. அவர் கீழே வைத்திருந்த போனை எடுத்து நீட்டினாள். “போன வருஷம் நான் ரெண்டு பேர் ரத்தக் குப்பில பேர மாத்தி ஒட்டிட்டேன். ராத்திரி பூரா யோசிச்சிட்டுக் காலைல சொன்னேன். அந்த ராத்திரி அந்தாளுக்குத் தப்பான மருந்து போயிருக்கு. பொழச்சாரு. பொழச்சதால இப்ப உங்ககிட்ட சொல்றேன். அடிங்க.”

அவள் அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

சீக்கிரம் அக்காவுக்கு அடித்தார். முழுதும் அடித்து ஓய்ந்தது. ஹாங்கர் வாசலில் பூட்டிய பெட்டி அவர் கண்முன் வந்தது. வேலை நேரத்தில் எல்லோர் போனும் அதற்குள்தான். ஏதாவது ஒரு போன் விமானத்துக்குள் விழுந்து தொலைந்துவிடக் கூடாது என்று வைத்த விதி. அந்தப் பெட்டிக்குள் அக்காவின் போன் பளிச்சென்று எரிந்து, மற்றவர்களின் போன்களுக்கு வெளிச்சம் காட்டிவிட்டு அணைந்திருக்கும். பேனாவுக்கு அடித்தார். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது, முதலில் ஒரு மொழியில், பிறகு இன்னொன்றில்.

“அடையாள அட்டை பின்னாடி ஒரு நம்பர் இருக்கும்” என்றார். “கட்டுப்பாட்டு அறை. மேல போற எல்லா விமானத்துக்கும் அவங்கதான் சேதி சொல்லுவாங்க.”

மகள் அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழா ஒன்றா என்று ஒரு இடத்தில் தயங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏழு என்றாள்.

நான்கு நாற்பத்தொன்பது.

மணி போனது. அந்த அறையில் இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடி விரிசல் விட்ட விமானத்தின் பயணிகளை மாற்றி ஏற்றும் நாளில் அந்த இரண்டு பேருக்கும் நான்கு போன் அடிக்கும். இது ஐந்தாவதாக இருக்கலாம். என்ன சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார்: முதலில் விமானத்தின் எண், பிறகு பேனலின் எண், பிறகு நட்டு, கடைசியாகத் தன் பெயர். இல்லை. பெயர் முதலில். பெயர் சொல்லாமல் பேசினால் யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிடுவார்கள்.

ஜன்னல் நடுக்கம் வலுத்தது. மனைவி எழுந்து போய்க் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டாள், சத்தம் குறைந்தால் மறுமுனையில் கேட்கும் என்பதுபோல.

“எடுத்தாங்களா?” என்றாள் மகள்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓடுபாதை இரண்டு தெருதான். அவர் காதிலிருந்து போனை எடுக்காமல், கதவுப்பக்கம் நகர்ந்து, காலால் செருப்பைத் தேடினார்.